பத்திரம் இல்லாத பெர்க்ஷயர்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டோங்காட் அருகே, கரும்புத் தோட்டத்தை ஒட்டிய மூன்று ஏக்கரில் பன்றி வளர்க்கிறேன். 'சுத்தமான பெர்க்ஷயர் இனம்' என்று ஒருவர் இரண்டு இளம் பெண் பன்றிகளையும் ஓர் ஆண் பன்றியையும் விற்றார். மூன்றும் அவர் பண்ணையில் பிறந்தவை. தாள் எதுவும் தரவில்லை. "பார்த்தாலே தெரியாதா?" என்றார். முதல் ஈற்றில் ஒன்பது குட்டிகள். இரண்டுக்கு விலாவில் வெள்ளைத் திட்டு, ஒன்றுக்குக் காது தொங்குகிறது. இவற்றைப் பதிவு செய்து வம்சாவளிப் பன்றிகளாக விற்க முடியுமா?

பதில்: முடியாது. வெள்ளைத் திட்டு அதற்குக் காரணமே அல்ல. ஒன்பதும் குறையில்லாமல் பிறந்திருந்தாலும் இதே பதில்தான்.

இனப்பதிவேடு முதலில் கேட்பது தாய் தகப்பன் யார் என்பதை. தோற்றமெல்லாம் பிறகு. பெர்க்ஷயரின் தாய்நாடான பிரிட்டனில், 1884இல் தோன்றிய பன்றிச் சங்கம்தான் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறது. பெற்ற இரண்டும் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டிக்கு இடம். ஈன்றதும் வளர்ப்பவர் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும்: எந்தத் தாய், எந்த ஆண், எந்தத் தேதி, எத்தனை குட்டி. பிறகு, இனவிருத்திக்குத் தேறியவற்றை மட்டும் பெயரிட்டுப் பதிவார்கள். பெயரிலும் ஒழுங்கு உண்டு. பண்ணைப் பெயர் முன்னால் வரும். பெண்ணுக்குத் தாய்வழிப் பெயர், ஆணுக்குத் தகப்பன்வழிப் பெயர், கடைசியில் ஓர் எண். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நமக்கு இது புதிதா என்ன? விவரம் தெரிந்தவர் பெயரை வைத்தே கால்வழியைச் சொல்லிவிடுவார்.

உங்கள் மூன்று பன்றிகளுக்கும் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே இல்லை. நிலத்தைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் பட்டாவைத் தேடுகிறீர்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் இனப்பதிவுக்கு அடிப்படை 1998ஆம் ஆண்டின் விலங்கு மேம்பாட்டுச் சட்டம். விற்றவரிடம் தொலைபேசியில் பேசாமல் எழுத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அவருடைய மந்தை எந்தச் சங்கத்தில் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது? இவை பிறந்த ஈற்று அறிவிக்கப்பட்டதா? காதில் உள்ள எண் என்ன? மூன்றுக்கும் பதில் வந்தால், சங்கத்திடம் அதைச் சரிபார்த்து மேற்கொண்டு பேசலாம். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

காதில் பச்சை குத்தியிருக்கிறது, அது போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2002ஆம் ஆண்டின் விலங்கு அடையாளச் சட்டப்படி குத்தப்படும் குறி, பன்றி யாருக்குச் சொந்தம் என்று காட்டும். இனம் எது என்று காட்டாது. இரண்டையும் ஒன்றாக்கி விலையேற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். தவிர, கறுப்புக் காதில் கறுப்பு மை தெரியாது. கறுப்புப் பன்றி இனங்களில் காது ஓரத்தில் வெட்டுக்குறி வைப்பதும் வில்லை மாட்டுவதும் அதனால்தான். பல நாடுகளில் வழங்கும் வெட்டுக்குறி முறையில் பன்றியின் வலக்காது ஈற்று எண்ணையும் இடக்காது குட்டியின் எண்ணையும் சொல்லும். உங்கள் பன்றிகளின் காதுகளை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

இனி தோற்றம். பெர்க்ஷயர் கறுப்பாக இருக்க வேண்டும். நான்கு பாதங்களிலும் முகத்திலும் வால் நுனியிலும் மட்டும் வெள்ளை. காது நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆகவே விலாத் திட்டும் தொங்கும் காதும் குறைகளே. கறிக்கு அவை ஒரு குறையும் அல்ல. இனவிருத்தியில் மட்டும் அந்த மூன்று குட்டிகளையும் சேர்க்காதீர்கள். ஓர் இனத்தின் குறை இன்னொன்றின் இலக்கணம் என்பதையும் மறக்க வேண்டாம்: லார்ஜ் பிளாக்குக்குக் காது தொங்கியே ஆக வேண்டும், குளோஸ்டர்ஷயர் ஓல்ட் ஸ்பாட்ஸ் இனத்துக்கு உடம்பில் ஒரு புள்ளியாவது வேண்டும். புதியவர்கள் நிறத்தையே பார்த்துக்கொண்டு வயிற்றடியைப் பார்க்காமல் விடுகிறார்கள். ஓல்ட் ஸ்பாட்ஸ் இலக்கணம் குறைந்தது 14 காம்புகள் கேட்கிறது. பன்னிரண்டு குட்டி போட்டு எட்டுக்கு மட்டும் பால் கொடுக்கும் தாயை, அழகாக இருக்கிறது என்பதற்காக யார் வைத்துக்கொள்வார்கள்?

உங்கள் கடிதத்தில் என்னைக் கலவரப்படுத்தியது வேறொரு வரி: 'மூன்றும் அவர் பண்ணையில் பிறந்தவை.' அப்படியென்றால் அந்த ஆண், பெண்களுக்கு உடன்பிறப்பாகவே இருக்கலாம். உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் குட்டிகளின் உட்கலப்பு அளவு 25 சதவீதம்; தாய் அல்லது தகப்பன் மட்டும் ஒன்றானால் 12.5 சதவீதம். ஈற்று சிறுக்கும், குட்டிகள் நோஞ்சானாகும். வம்சாவளித் தாள் இதற்காகவும்தான் தேவைப்படுகிறது. உறவு இன்னதென்று தெரியும்வரை ஆணைத் தனிக் கொட்டிலில் அடையுங்கள்.

அரிய இனம்தான் வேண்டும் என்றால் கோல்புரூக் என்ற உள்நாட்டுப் பன்றி இனத்தையும் யோசியுங்கள். 1778இல் ஃபால்ஸ் விரிகுடாவில் உடைந்த கோல்புரூக் கப்பலிலிருந்து கரையேறிய பன்றிகளின் வழி என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, குட்டையான, கொழுத்த அந்தப் பன்றி இந்த மண்ணுக்குப் பழகியது. எதை வாங்கினாலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை மனத்தில் வையுங்கள். அதற்குச் சிகிச்சை இல்லை. லிம்போபோ பக்கத்தில் அந்தக் காய்ச்சலுக்காக வகுத்த கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து பன்றியைக் கொண்டுவர நினைத்தால், பணம் கைமாறுவதற்கு முன்பே அரசு கால்நடை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கையில் இருக்கும் ஒன்பதையும் கறிக்கு வளர்த்து விற்கலாம். ரசீதில் மட்டும் 'வம்சாவளி' என்று எழுத வேண்டாம்.