ஓடும்போது விழுந்தாளா, ஓடி நின்ற பிறகா?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து, 12 வயது மகளின் தலைசுற்றலைப் பற்றி எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மூளைக் கட்டி என்ற பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். கட்டியென்றால் விடியற்காலையில் தலைவலியும் வாந்தியும், தள்ளாடும் நடை, இரண்டிரண்டாகத் தெரிவது என்று நாளுக்கு நாள் ஏதாவது கூடிக்கொண்டே வரும். அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. தலைசுற்றலென்றால் கட்டிதான் என்று யூடியூப்பில் பேசியவர் உங்கள் பிள்ளையைப் பார்த்ததில்லை.

பாடசாலைக் காலைக் கூட்டத்தில் இரண்டு முறை விழுந்தது சாதாரண மயக்கம். வெறும் சாயத்தண்ணியோடு மேட்டில் ஏறி வந்து அசையாமல் நின்றால் இரத்தம் காலில் தேங்கும், பிரஷர் இறங்கும். கண் இருட்டும்போதே உட்காரச் சொல்லுங்கள். காலையில் ரொட்டியும் தண்ணீரும் கட்டாயம். பஸ்ஸில் வாந்தி வருவது வளைவுப் பாதையால், அதை விடுங்கள்.

என்னை உலுக்கியது கடிதத்தின் கடைசி வரி: "போன மாதம் விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகும்போதும் விழுந்தாள்." இதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஓடி முடித்து நின்ற பிறகு மயங்குவது பெரும்பாலும் பிரஷர் இறங்குவதால். ஓட்டத்தின் நடுவிலேயே சுருண்டு விழுந்தால் இதயத்தின் துடிப்பிலோ தசையிலோ கோளாறு இருக்கலாம். திடுக்கிட்டு விழுவதும், விழுமுன் நெஞ்சு படபடப்பதும் வலிப்பதும் அப்படித்தான். குடும்பத்தில் யாராவது 40 வயதுக்கு முன் திடீரென்று இறந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இந்த வாரமே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ கூட்டிப் போய் இதயத் துடிப்பைப் பதியும் ஈசிஜி எடுங்கள். வலிக்காது, சில நிமிட வேலை. அது சரியாக இருந்தாலும் ஓடும்போது விழுந்தாள் என்பதை அழுத்திச் சொல்லி, இதய எக்கோ என்ற ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். அன்றைக்கே இரத்தமும் பாருங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தசோகை. சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது; ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

அப்பாயியின் தலைசுற்று மாத்திரையில் பாதியைக் கொடுத்தீர்களாம். இனி ஒருபோதும் வேண்டாம். அந்த வகையில் புரோகுளோர்பெராசின் போன்றவை பிள்ளைகளின் கழுத்தையும் கண்ணையும் ஒரு பக்கமாக இழுத்துவிடும். அப்படி இழுத்த ஒரு பிள்ளையைப் பேய் பிடித்ததென்று கோயிலுக்குத் தூக்கிப் போய்விட்டு, பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார்கள்.

வைத்தியசாலைக்குப் போகுமுன் விளையாட்டு ஆசிரியரிடம் கேளுங்கள்: ஓடும்போது விழுந்தாளா, நின்ற பிறகா? எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தாள்? பதிலை எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியர் சொல்லும் வரை ஓட்டம் வேண்டாம். ஆற்றில் குளிக்கவும் தனியே விடாதீர்கள்.