லெசோத்தோ எப்படிப்பட்ட நாடு? அங்குள்ள மக்களின் பண்பாடு பற்றிச் சொல்ல முடியுமா?

முதலில் பெயர். நாம் எழுதுவது லெசோத்தோ, அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது 'லெசூட்டு'. ஒருவர் என்றால் மொசூட்டு, பலர் என்றால் பசூட்டு, பேசும் மொழி செசூட்டு. தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் இரண்டு முறை போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

நாலாபுறமும் தென்னாப்பிரிக்காதான். நடுவில் 30,355 சதுர கிலோமீட்டர் மலை நாடு. அங்கே 'பள்ளம்' என்று சொல்லும் இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை நினைத்துக்கொண்டு ஜூலையில் அரைக்கைச் சட்டையோடு போனேன். மலையில் பனி கொட்டிக் கிடந்தது!

இப்படி ஒரு நாடு தனியாக நிற்பதற்குக் காரணம் மொஷ்வேஷ்வே என்ற தலைவர். 1820களில் அந்தப் பகுதி முழுக்கப் போரும் பஞ்சமும். அவர் 1824இல் தபா பொசியு என்ற தட்டை உச்சி மலையில் ஏறிக்கொண்டார். மேலேயே ஊற்றுத் தண்ணீர் உண்டு, ஏறும் வழிகளோ சில மட்டும்தான். ஓடிவந்த அகதிகளைச் சேர்த்துக்கொண்டு மாடும் கொடுத்தார். மாடு அவருடையது, பால் அவர்களுடையது. பஞ்சத்தில் மனிதக்கறி தின்ற ஒரு கூட்டம் அவருடைய தாத்தாவையே தின்றுவிட்டதாம். அவர்களைப் பிடித்து வந்தபோது, இவர்கள் வயிறுதான் என் தாத்தாவின் கல்லறை, அதை எப்படி இடிப்பது என்று விட்டுவிட்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். போயர்களோடு (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளோடு) நடந்த சண்டையில் விளைநிலம் பெரும்பகுதி போய்விட்டது. மீதியாவது தங்கட்டும் என்று 1868இல் பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தார்கள். 1966 அக்டோபர் 4 அன்று விடுதலை. இப்போது மூன்றாம் லெட்சியே அரசர், ஆட்சி நடத்துவது பிரதமர்.

சரி, பண்பாடு. அங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கம்பளி. குளிருக்குப் போர்த்துவது மட்டுமில்லை, கல்யாணம், சாவு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அதுதான் உடை. ஒரு வியாபாரி 1860இல் மொஷ்வேஷ்வேக்குக் கம்பளி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாராம், அதிலிருந்து பிடித்துக்கொண்டது. வெகுகாலம் இங்கிலாந்தில் நெய்து வந்தது, பிறகு தென்னாப்பிரிக்க ஆலைகளில். ஆனாலும் அதைவிட பசூட்டுத்தனமான பொருள் வேறில்லை. குதிரையும் வெளியிலிருந்து வந்ததுதான், மக்காச்சோளமும் அப்படித்தான். இன்று மலை வழியில் மட்டக்குதிரை இல்லாமல் வேலை ஓடாது, 'பாபா' என்ற கெட்டிச் சோளக்களி இல்லாமல் சாப்பாடு இல்லை. தொட்டுக்கொள்ள 'மொரோஹோ', அதாவது கீரை.

தலைநகர் மசேருவில் ஒரு கடையில் கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தேன். கடைக்கார அம்மாள், "ந்தாத்தே, அப்படி இல்லை" என்று சொல்லிக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டார். அதில் ஓடும் கோடு நெட்டுக்குத்தாக இருக்க வேண்டுமாம், படுக்கையாக இருந்தால் வளர்ச்சி நின்றுவிடுமாம். ஆண்கள் வலது தோளில் ஊக்கு குத்துகிறார்கள், பெண்கள் மார்புக்கு நேராக. சோளக்கதிர் போட்டது பிள்ளைப்பேற்றுக்கும் செழிப்புக்கும். 'ந்தாத்தே' என்றால் அப்பா, 'ம்மே' என்றால் அம்மா. முன்பின் தெரியாதவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நம் ஐயா, அம்மா மாதிரி.

அப்புறம் மொகொரொட்லோ, புல்லில் முடைந்த கூம்புத் தொப்பி. தேசியக் கொடியிலும் அதுதான், வண்டி நம்பர் பலகையிலும் அதுதான்.

நாட்டின் குறிக்கோள் வாசகம் 'அமைதி, மழை, வளம்'. அந்த மழையைத்தான் விற்கிறார்கள். 1986இல் போட்ட ஒப்பந்தப்படி 185 மீட்டர் உயரக் கட்சே அணையிலிருந்து சுரங்கம் வழியே ஜோஹன்னஸ்பர்க் பக்கம் தண்ணீர் போகிறது. அரசுக்கு நல்ல வருமானம்தான். ஆனால் மலைக் கிராமங்களில் பெண்கள் தலையில் வாளி சுமந்து போவதை நானே பார்த்தேன், எனக்கு அது உறுத்தியது.

போகிறவர்களுக்கு ஒன்று: அவர்கள் பணம் லோட்டி, பன்மையில் மலோட்டி. ஒரு லோட்டிக்கு ஒரு தென்னாப்பிரிக்க ராண்ட், அங்கே இரண்டும் செல்லும். எல்லை தாண்டினால் லோட்டி செல்லாது. மிஞ்சிய நோட்டை இந்தப் பக்கம் ஒரு கடையில் நீட்டினேன், சிரித்துக்கொண்டே திருப்பித் தந்துவிட்டார்கள். மூன்று அரசர்களின் படத்தோடு இன்னும் என் பர்ஸில் கிடக்கிறது.