விடுதலைப் பத்திரமும் பிறந்த வீடும்

அன்புள்ள மேடம்,

எனக்கு 44 வயது. அப்பா இறந்து வருஷம் ஆகப்போகிறது, உயில் எழுதவில்லை. தாத்தா காலத்து நஞ்சை மூன்று ஏக்கர் இருக்கிறது. வாரிசு அம்மா, நான், தம்பி மூவர்தான். "தலைத்திவசத்துக்கு வரும்போது அப்படியே ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடுக்கா. உனக்குத்தான் நகை, சீர்னு எல்லாம் செஞ்சாச்சே" என்கிறான் தம்பி. என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. அம்மா வாயே திறப்பதில்லை. பங்கு கேட்டால் பிறந்த வீடு இல்லாமல் போய்விடுமோ என்று பயம். விட்டுவிடவும் மனசு வரவில்லை. தூக்கம் போச்சு. நான் பேராசைக்காரியா?

- பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

பேராசை இல்லை. உங்கள் கடிதத்தில் நிலம் எவ்வளவு என்று இருக்கிறது, உங்கள் பங்கு எவ்வளவு என்று இல்லை. அது தெரியாமல் கேட்கவும் முடியாது, மனசார விடவும் முடியாது. தூக்கம் கெடுவதில் பாதி அதனால்தான்.

'தாத்தா காலத்து' என்ற இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தாத்தா சொந்தமாக வாங்கி, 1956 வாரிசுரிமைச் சட்டம் வந்தபின் உயிலில்லாமல் இறந்து, அது அப்பாவுக்கு வந்திருந்தால், அப்பாவின் தனிச் சொத்து. உங்கள் மூவருக்கும் சமமாக, ஆளுக்கு 100 சென்ட். பாகம் பிரிக்காமல் தலைமுறையாக வந்த பூர்வீகம் என்றால் கணக்கு வேறு: முதலில் அப்பா, நீங்கள், தம்பி என மூன்று பங்கு, பிறகு அப்பாவின் பங்கு உங்கள் மூவருக்கும். ஒன்பதில் நாலு உங்களுக்கு, நாலு தம்பிக்கு, ஒன்று அம்மாவுக்கு. மகளுக்கும் இது பிறப்புரிமை என்பதை 2005 சட்டத் திருத்தமும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உறுதி செய்துவிட்டன. நகையையும் சீரையும் காட்டி இந்த உரிமையை இல்லை என்று சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதைக் கிளற வழியில்லை.

எனவே தாய்ப்பத்திரம் (நிலத்தின் பழைய மூலப் பத்திரம்), வில்லங்கச் சான்றிதழ் (நிலத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டுவது), தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பட்டா தம்பி பெயருக்கு மாறியிருந்தால் பதற வேண்டாம். பட்டா மட்டுமே உரிமையைத் தீர்மானிக்காது.

தம்பியிடம் இவ்வளவு போதும்: "அன்னிக்கு அப்பா காரியம் மட்டும் பார்ப்போம். டிராஃப்டை அனுப்பு, படிச்சுட்டுச் சொல்றேன்." காரணம் விளக்க ஆரம்பித்தீர்களானால் பேச்சு நகைக் கணக்குக்குப் போய்விடும். விடுதலைப் பத்திரம் பதிவான பின் 'வருத்தமாக இருக்கிறது' என்று ரத்து செய்ய முடியாது. மோசடியோ மிரட்டலோ நடந்ததாகக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும்.

அம்மாவின் மௌனத்தை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகனை நம்பி இருப்பவராக இருந்தால் வேறென்ன செய்வார்? போனில் கேட்காதீர்கள், தனியாக உட்கார்ந்து, அவர் பங்குக்கும் கையெழுத்துக் கேட்டார்களா என்று விசாரியுங்கள். அநேகமாகக் கேட்டிருப்பார்கள்.

பங்கு தெரிந்த பிறகு முழுதாகக் கேட்கலாம், பாதி கேட்கலாம், பணமாக வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கலாம், சும்மாவே விட்டும் விடலாம். தம்பி சில மாதம் முகம் கொடுக்காமல் இருக்கலாம்; நல்லது கெட்டதுக்கு நீங்கள் போவதை நிறுத்தாதீர்கள். பணத்துக்கு விடுவதானால் பத்திரத்தில் தொகை இருக்கட்டும்; அது உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்து.