குரோம் மறக்கலை, சாவிதான் மாறுது

உங்க மெஷின்லயே சோதனைக்கு ஓட்டுற ஹெச்டிடிபிஎஸ் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் குரோம் சிவப்பு எச்சரிக்கை காட்டுது, நேத்து ஒத்துக்கிட்டதை இன்னைக்கு மறந்துடுதுன்னு கேட்டிருக்கீங்க. குரோம் மறக்கலைங்க. உங்க ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டோட முதல் வரியே ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற கருவியை ஓட்டி புது சாவியும், சர்வரோட அடையாள அட்டை மாதிரியான சான்றிதழும் செய்யுது. நீங்க ஒத்துக்கிட்டது பழைய சான்றிதழை. இப்ப வாசல்ல நிக்கிறது வேற ஆள்.

சாவி ஃபைல் இருக்கான்னு பார்த்துட்டு, இல்லேன்னா மட்டும் உருவாக்குற மாதிரி ஒரு இஃப் போடுங்க. சர்வரை டாக்கர் கன்டெய்னர்குள்ள ஓட்டினா சாவி இருக்கிற ஃபோல்டரை வால்யூமா, அதாவது கன்டெய்னருக்கு வெளியில தங்குற இடமா மாட்டணும், இல்லேன்னா கன்டெய்னரை அழிக்கும்போது சாவியும் சேர்ந்து போயிடும்.

நீங்க ஒட்டியிருக்கிற கட்டளையில இன்னொண்ணு கண்ணை உறுத்துது. சான்றிதழ்ல காமன் நேம்ங்கிற பழைய பெயர்க் கட்டத்துல மட்டும்தான் லோக்கல்ஹோஸ்ட், அதாவது உங்க மெஷினோட பேர் இருக்கு. 2017-ல வந்த குரோம் 58-லேர்ந்து அந்தக் கட்டத்தைப் பார்க்கிறதே இல்லை. அதுக்குப் பதிலா அது பார்க்கிற சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம் கட்டத்துல லோக்கல்ஹோஸ்ட், அதோட எண் முகவரி 127.0.0.1 ரெண்டையும் போடுங்க. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு முன்னாடி டிஎன்எஸ், எண்ணுக்கு முன்னாடி ஐபி. இதை மாத்தி எழுதிட்டு நான் ஒரு சாயங்காலத்தையே தொலைச்சிருக்கேன்.

நானா இருந்தா இவ்வளவும் பண்ணாம, சொந்த மெஷினுக்கு சான்றிதழ் செஞ்சு தர்ற எம்கேசர்ட்ங்கிற கருவியைப் போட்டுடுவேன். அதோட இன்ஸ்டால் கட்டளையை ஒரு தடவை ஓட்டினா உங்க மெஷின்லயே மத்த சான்றிதழ்களுக்குக் கையெழுத்துப் போடுற ஒரு ரூட் சான்றிதழ் உருவாகி, நம்பிக்கைப் பட்டியல்ல சேர்ந்துடும். அப்புறம் அது தர்ற சான்றிதழுக்கு எச்சரிக்கை வராது. அந்த ரூட் சாவியை மட்டும் டீம்ல பகிராதீங்க. அது யார் கையில இருக்கோ அவங்க உங்க பிரவுசர்கிட்ட எந்த சைட்டாவும் வேஷம் போடலாம்.

ஆமா, சாவி ஃபோல்டரை கிட்இக்னோர்ல, அதாவது கிட் கண்டுக்காம விடவேண்டிய ஃபைல்களோட பட்டியல்ல சேர்த்தீங்களா? நீங்க அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ல அது கமிட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி தெரியுது.