யாழ்ப்பாணத்தில் வெள்ளம் வந்தால் இராணுவ அதிகாரியா பொறுப்பு?

"அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தலைவர் மேஜர் ஜெனரல் என்றால், வெள்ள நேரத்தில் ஆட்சி இராணுவத்திடமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 2004 சுனாமிக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் குடிசார் நிறுவனம் அது. ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல்கள் பணிப்பாளர் நாயகமாவது வழக்கமாகிவிட்டது; 2020இல் புரெவி புயலின்போது சுதந்த ரணசிங்க, 2025இல் டித்வா புயலின்போது சம்பத் கொட்டுவேகொட. படகு, லொறி, ஆளணி ஆகியவற்றை ஒரே இரவில் நகர்த்திப் பழகியவர்கள் என்பதுதான் அவர்களின் தகுதி.

ஆனால் யாழ். மாவட்டத்தில் ஒருங்கிணைப்பு கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அரசாங்க அதிபரிடம். படையினர் உதவிக்கு வருவார்கள். எந்த ஒழுங்கையில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதைச் சொல்லக்கூடியவர் கிராம அலுவலர்தான். அதற்குத் தோளில் உள்ள எந்த நட்சத்திரமும் போதாது. அவசரத்துக்கு 117ஐ அழையுங்கள்.