8 மாதக் குழந்தைக்கு யாக் பால் கொடுக்கலாமா?

கேள்வி: கணவரின் வேலைக்காக அருணாசலப் பிரதேசத்தின் மலை ஊரான தவாங்கில் இருக்கிறோம். யாக் எனும் இமயமலைச் சடை மாடு வளர்க்கும் பக்கத்து வீட்டார் பால் தருகிறார்கள். என் 8 மாத மகனுக்குப் பசும்பால் சேர்த்த கஞ்சி கொடுத்தபோது உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. யாக் பாலில் அந்தத் தொல்லை வராது, சத்தும் அதிகம் என்கிறார்கள். கொடுக்கலாமா? நாங்கள் குடிக்கலாமா?

பதில்: மகனுக்கு வேண்டாம், ஒரு ஸ்பூன்கூட. நீங்கள் சொல்வது பசும்பால் புரதத்துக்கான ஒவ்வாமை போலத் தெரிகிறது. யாக், பசுவுக்கு மிக நெருங்கிய இனம். இரண்டும் இணைந்து கலப்பினக் கன்றே ஈனும். அதனால் பால் புரதங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு மிக அதிகம். குழந்தை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். எப்போதாவது உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

ஒவ்வாமையே இல்லாத குழந்தைக்கும் ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். 100 மி.லி. தாய்ப்பாலில் புரதம் சுமார் 1 கிராம்தான். யாக் பாலில் 5 கிராம் வரை இருக்கும். பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அது பெரிய சுமை. இரும்புச்சத்தோ மிகக் குறைவு. தாய்ப்பாலைத் தொடருங்கள். கஞ்சியைத் தண்ணீரில் காய்ச்சி, பருப்பும் கீரையும் மசித்துக் கொடுங்கள்.

சரி, பெரியவர்களுக்கு? தாராளமாகக் குடிக்கலாம், நல்ல பால்தான். கொழுப்பு 6 முதல் 7 கிராம், ஏறத்தாழ எருமைப்பால் அளவு. புரதம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கால்சியமும் நன்றாகக் கிடைக்கும். 100 மி.லி.யில் 100 கலோரி வரும் என்பதால் ஒரு டம்ளரே போதும். ரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக இருப்பவர்கள் ஆடை எடுத்துவிட்டுக் குடியுங்கள். வெண்ணெய்த் தேநீரையும் குறையுங்கள், அதில் உப்பும் சேர்கிறது. பால் குடித்தால் வயிறு உப்பும் என்பவர்களுக்கு யாக் பாலிலும் வயிறு உப்பும், ஏனென்றால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை பசும்பால் அளவுக்கு இருக்கிறது.

பச்சையாக மட்டும் குடிக்காதீர்கள். மாடுகளைப் போலவே யாக்குக்கும் புரூசெல்லா கிருமி தொற்றும். பால் வழியாக நமக்கு வந்தால் வாரக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் படுத்தும். தவாங் உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். கவலை வேண்டாம், கிருமி சாக அந்தச் சூடு போதும். பால் பொங்கி வரும்வரை காய்ச்சுங்கள்.

அப்புறம், சுர்பி என்ற கெட்டிப் பாலாடைக்கட்டியை மகன் கைக்கு எட்டாமல் வையுங்கள். அதுவும் பால்தான், தவிர தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.