மேசையில் வராத யோசனை குளிக்கும்போது வருவது ஏன்?

கேள்வி: வயது 34. விளம்பர வடிவமைப்பாளர். மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாலும் தோன்றாத யோசனை, குளிக்கும்போது பளிச்சென்று வருகிறது. இரவு 1 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறேன். தினமும் ஆறேழு காபி. மூளைக்கு மாத்திரை ஏதாவது எடுக்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். நீங்கள் சொன்னதில் நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. தூக்கக் குறைவுதான் இருக்கிறது.

பொறி தட்டும் நேரத்தை, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. மூலம் ஆராய்ந்திருக்கிறார்கள். விடை தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி முன்பு, மூளையின் வலது பின்பகுதியில் ஆல்ஃபா அலைகள் கூடுகின்றன. கண் வழியாக வரும் தகவலை மூளை சற்றே அடக்கிவைப்பதன் அடையாளம் இது. குளியலறையில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? அதனால் அந்த அடக்கம் அங்கே எளிதாகிறது.

ஆனால் மூளைக்குள் பிரச்சினையை ஏற்றாமல் குளிக்கப் போனால் குளியல் மட்டுமே நடக்கும். முதலில் 45 நிமிடமாவது பிரச்சினையோடு மல்லுக்கட்டுங்கள். முட்டி நின்றதும், எது இடிக்கிறது என்பதை ஒரே கேள்வியாகத் தாளில் எழுதிவிட்டு எழுந்துவிடுங்கள். அடுத்த 15, 20 நிமிடம் கை வேலை செய்ய, மனம் சும்மா இருக்க வேண்டும்: பாத்திரம் கழுவலாம், துணி மடிக்கலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இடைவேளை என்று கைப்பேசியை எடுத்தால் மனம் அலைய இடமே இல்லை. அது ஓய்வு அல்ல, வேறொரு வேலை.

நடையும் நல்லது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 2014 ஆய்வில், நடந்தவர்களிடம் புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஒரே சரியான விடையைத் தேடும் சோதனையில் மட்டும் நடை கைகொடுக்கவில்லை. ஆகவே பத்து யோசனைகளை நடந்து பிடியுங்கள், பத்தில் ஒன்றை உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள்.

இதையெல்லாம்விடத் தூக்கம் பெரிது. 2004-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், ஒரு கணக்கில் ஒளிந்திருந்த குறுக்குவழியை எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர்களில் 59 சதவீதத்தினர் கண்டுபிடித்தார்கள். விழித்திருந்தவர்களில் 23 சதவீதத்தினர்தான். படுக்கும் நேரத்தை 11.30-க்குக் கொண்டுவாருங்கள்.

பகலில் கண்ணயரும் உத்தியும் உண்டு. சாய்வு நாற்காலியில் ஒரு ஸ்பூனைப் பிடித்தபடி கண்ணை மூடுங்கள்; கீழே ஒரு தட்டு. தூக்கம் ஆழமாகும்போது பிடி தளர்ந்து ஸ்பூன் விழும், எழுந்துவிடலாம். எடிசன் உலோக உருண்டைகளை வைத்து இப்படிச் செய்ததாகச் சொல்வார்கள். 2021-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், தூக்கத்தின் முதல் கட்டத்தில் 15 நொடி இருந்தாலே பலன் தெரிந்தது. அதைத் தாண்டி ஆழ்ந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இரவில் தூக்கம் வராதவர்கள் மட்டும் இதைத் தவிர்க்கவும்.

காபி பிற்பகல் 2 மணியோடு போதும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கப் வீதம் குறையுங்கள்.

தூக்கமே தேவைப்படாமல், வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தோடு யோசனைகள் நான்கு நாட்களுக்கு மேல் கொட்டிக்கொண்டே இருந்தால் அதைப் படைப்பாற்றல் என்று கொண்டாட வேண்டாம். அப்போது மனநல மருத்துவரைப் பாருங்கள்.